சொன்னால் கேட்காத பிள்ளை

யார்க்‌ஷர் மலைப்பக்கத்து ஹெப்ஷா ஊரில் டோரீன் சக்டனுக்கு "வேண்டாம் டோரீன்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பிள்ளைகள் வைத்ததல்ல. பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். வைத்தவர் கிளைவ் ஆர்மிடேஜ், குழந்தைகள் விளையாட்டு அறக்கட்டளையின் தலைவர், ஊருக்கே பெரிய மனிதர். அவர் எதைக் கொண்டுவந்தாலும் பாதுகாப்பு அலுவலரான டோரீன் "வேண்டாம்" என்றாள். அதனால் வந்த பெயர். கமிட்டிக் கூட்டத்தில் அவர் அதைச் சொல்லிச் சிரிப்பார், மற்றவர்களும் சிரிப்பார்கள், டோரீனும் கூடச் சிரிப்பாள். சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்வது அவளுக்கு நன்றாகவே கைவந்திருந்தது.

விஷயம் தெரியாதவர்கள் அவளை ஒரு பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளை ஓடவிட மாட்டாள், மரமேற விட மாட்டாள் என்று. சுத்தப் பொய். மலைச்சரிவில், பழைய எரிவாயு ஆலையை இடித்த இடத்தில் இருக்கும் அறக்கட்டளையின் விளையாட்டுத் திடலில், பிள்ளைகள் கையில் சுத்தியலும் ரம்பமும் கொடுத்துக் குடிசை கட்டச் சொன்னவளே அவள்தான். மழையில் வழுக்கும் மரத்தில் ஏறு என்பாள். அடுப்பு மூட்டி ரொட்டி சுடு என்பாள். கை சுட்டுக்கொண்டு வருகிற பிள்ளையிடம், "சுட்டுச்சா? நெருப்புன்னா சுடும். தண்ணில கைய வை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். பதறிக்கொண்டு வருகிற தாய்மார்களுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

"கண்ணுக்குத் தெரியிற ஆபத்து இருக்கட்டும்மா. அதப் பாத்துதான் பிள்ளைங்க புத்தி கத்துக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துதான் இருக்கக் கூடாது. அதப் பாக்குறது பெரியவங்க வேலை."

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து என்று அவள் சொல்லும்போது அவள் மனத்தில் ஒரு கயிறு இருந்தது. அந்தக் கயிற்றின் கதையைச் சொல்லாமல் டோரீனைப் பற்றி எதைச் சொன்னாலும் பிரயோசனமில்லை.

இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. டோரீன் அப்போது பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலையில் இருந்தாள். புருஷன் லெஸ்லி பேருந்து ஓட்டினான். ஒரே மகள் கெயில். ஊரின் சின்னப் பிள்ளைகள் பித்தளை வாத்தியக் குழுவில் அவளுக்குக் குழலை இழுத்து நீட்டி வாசிக்கிற டிராம்போன் கொடுத்திருந்தார்கள். அவள் உயரத்துக்கு அந்த வாத்தியம் பெரிது. கையை முழுதாக நீட்டினால்தான் கடைசி ஸ்வரம் எட்டும். எட்டிவிட்டது என்று ஓடிவந்து வாசித்துக்காட்டிய அந்த வாரம்தான், திடலில் ஓடைக்கு மேலே தொங்கிய கயிற்று ஊஞ்சல் அறுந்து அவள் பாறையில் விழுந்தாள். முழங்கை சிதறிப்போயிற்று. வைத்தியர்கள் ஒட்டவைத்தார்கள், ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு நேராகவே இல்லை. டிராம்போன் வேறொரு பிள்ளைக்குப் போனது.

அதைக்கூட டோரீன் பொறுத்துக்கொண்டிருப்பாள். கயிறு என்றால் அறும், பிள்ளை என்றால் விழும். ஆனால் அடுத்த வாரம் தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். திடலைத் தன் கையாலேயே கட்டியவர், அன்று பொறுப்பில் இருந்தவர், கிளைவ் ஆர்மிடேஜ், எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"கயிறு நல்லாத்தான் இருந்துச்சு. இறங்கு இறங்குன்னு நான் எத்தனை தடவ சொன்னேன். சொன்னா கேக்காத பிள்ளை. என்ன பண்றது?"

அவ்வளவுதான். கூடம் முழுக்கத் தலையாட்டியது. கெயில் வீட்டில் அழுதுகொண்டே சொன்னாள், "அம்மா, யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா. அங்க யாருமே இல்ல." டோரீன் நம்பினாள். விடிந்ததும் திடலுக்கு ஓடினாள். அறுந்த நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும், புதிதாக அறுந்ததா, நைந்து நைந்து அறுந்ததா என்று. கிளையில் கயிறு இல்லை. ஓடையிலும் இல்லை. பொறுப்பாளர் உட்காரும் குடிசைக்குப் பக்கத்தில் கிளைவ் குப்பை எரிக்கிற இரும்புத் தொட்டியில் சாம்பல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

பிறகு கெயிலின் பெயரே அதுவாகிவிட்டது. வகுப்பில் பென்சில் விழுந்தால் டீச்சர் சொல்வாள், "சொன்னா கேக்காத பிள்ளையாச்சே நீ." கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வார். அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அந்த விளையாட்டில் ஒரு பிள்ளை பேசுவதை நிறுத்திக்கொண்டது யார் கண்ணிலும் படவில்லை. கெயில் பிறகு அந்தத் திடல் பக்கமே போகவில்லை. வளர்ந்தாள், மீன் வறுவல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், வளைந்த கையாலேயே கொதிக்கிற எண்ணெயில் மீனைப் போட்டு எடுக்கப் பழகினாள்.

டோரீன் என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டால், கிளைவுக்குக் கை ஒடிய வேண்டும் என்றல்ல. ஒரே ஒரு ஆசை. எந்த வாய் ஊருக்கு முன்னால் அதைச் சொன்னதோ, அதே வாய் அதே ஊருக்கு முன்னால் அதைத் திரும்ப விழுங்க வேண்டும். சாட்சி சாம்பலாகிவிட்டது. இனி அந்த வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

சில வருஷம் கழித்துக் காப்பீட்டு நிறுவனம் கறாராகச் சொல்லிவிட்டது. பாதுகாப்புக்கென்று படித்த ஒருவர் இல்லாவிட்டால் திடலுக்குக் காப்பீடு இல்லை, அவர் கூடாது என்றால் யாரும் மீறக் கூடாது என்று. கமிட்டியில் ஒருவரும் முன்வரவில்லை. பின்வரிசையிலிருந்து டோரீன் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா டோரீன், இது பிள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்துற வேலை இல்லம்மா" என்று சிரித்தார் கிளைவ்.

"தெரியும், மிஸ்டர் ஆர்மிடேஜ். படிச்சுக்கிறேன்" என்றாள் டோரீன்.

படித்தாள். தொழிற்கல்லூரியில் மாலை வகுப்பு. தன் வயதில் பாதி இருக்கும் கட்டட மேஸ்திரிகளோடு உட்கார்ந்து படித்துத் தேறினாள். பிறகு அரிவாளைத் தீட்டுகிற மாதிரி நிதானமாக ஆரம்பித்தாள்.

முதலில் போனது ஓடையில் கிளைவ் நடத்தும் தெப்பப் பந்தயம். ஓடையில் எலி மூத்திரம் கலக்கிறது, அதில் விழுகிற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஈரல் கெடும் என்றாள். தண்ணீரைச் சோதித்தார்கள், அவள் சொன்னது சரி. அடுத்தது கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் கிளைவ் கூரைமேல் ஏறிப் புகைபோக்கி வழியாகக் கையாட்டுவது. கூரை ஓடு இற்றுப்போயிருந்தது. பிறகு அவர் தானே பற்றவைத்துச் செய்த இரும்புச் சறுக்கு. அதன் ஓரத்து இடுக்கில் குழந்தையின் தலை நுழையும், திரும்ப வராது. ஒரு பொம்மையை வைத்துக் காட்டினாள். ஒரு தடவையாவது அவள் இல்லாததைச் சொல்லியிருந்தால் கிளைவ் அவளைத் தூக்கியெறிந்திருப்பார். அவள் வாயிலிருந்து பொய் என்று ஒன்று வந்ததே இல்லை. அந்த மனிதருக்கு அதுதான் தாங்கமுடியாத எரிச்சல்.

ஒவ்வொரு நாளும் திடல் திறக்கும் முன் எல்லா ஊஞ்சல் கயிற்றிலும் அவளே தொங்கிப்பார்ப்பாள். அவள் ஒன்றும் ஒடிசலான பெண்ணில்லை. வேலிக்கு வெளியே காத்திருக்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள், "டோரீனையே தாங்கிருச்சு, இனிமே யானைய ஏத்தலாம்!" என்று. அவளும் தொங்கியபடியே கையை ஆட்டுவாள்.

இத்தனையும் பிடுங்கினவள் நவம்பர் ஐந்தாம் தேதிப் பெருந்தீயை மட்டும் தொடவில்லை. அது கிளைவின் திருநாள். திடலின் நடுவே வீடுயரத்துக்கு விறகு அடுக்கி, உச்சியில் பழங்காலத்து ராஜதுரோகி ஒருவனின் கந்தல் பொம்மையை உட்காரவைத்து, ஊரே கூடி நிற்க, அவர்தான் தீப்பந்தத்தோடு நடந்துவந்து தீ வைப்பார். தட்டில் இருக்கிற நல்ல துண்டைப் பிள்ளைகள் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிற மாதிரி டோரீன் அதை ஒதுக்கிவைத்திருந்தாள்.

அந்த வருஷம் அறுவடைத் திருவிழா முடிந்ததும் கிளைவ், இதுதான் என் கடைசி வருஷம், ஓய்வெடுத்துக்கொள்கிறேன் என்றார். கமிட்டி அவர் பெயரில் ஒரு பெஞ்சு போட முடிவுசெய்தது. பெஞ்சில் பித்தளைத் தகடு. பெருந்தீ அன்று, தீ வைத்து முடித்ததும் திறந்துவைப்பார்கள். தகட்டில் என்ன எழுத்து என்று காட்டினார்கள். "கிளைவ் ஆர்மிடேஜ். தன் காலம் முழுதும் இங்கே ஒரு குழந்தைக்கும் தீங்கு வரவிடாதவர்."

டோரீன் அதைப் படித்தாள். தலையாட்டினாள். வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் நின்றபடி பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். துக்கமில்லை அது, ஆத்திரம். அந்த மனிதர் இப்படியே மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போய், இப்படியே செத்தும் போய்விடுவார். பிறகு யார் வாயிலிருந்து எதை வாங்குவது?

யார்க்‌ஷரில் பிள்ளைகளுக்கு அக்டோபர் முழுக்க விறகு வேட்டைதான். வீடு வீடாகப் போய் உடைந்த நாற்காலி, பழைய கதவு, மரப்பெட்டி என்று இழுத்துவந்து குவிப்பார்கள். அடுத்த தெருப் பிள்ளைகள் அதைத் திருட வருவார்கள், இல்லாவிட்டால் முதல் நாளே கொளுத்திவிட்டு ஓடுவார்கள். அதற்குத் தோதாக நவம்பர் நான்காம் தேதி குறும்பு இரவு என்றே பெயர். அன்று என்ன சேட்டை செய்தாலும் ஊர் கண்டும் காணாமல் விட்டுவிடும். அதனால் அந்தக் காலத்துப் பிள்ளைகள் குவியலுக்குள்ளேயே ஒரு குகை விட்டு அடுக்கி, அதில் உட்கார்ந்து காவல் காப்பார்கள். கிளைவும் சின்ன வயதில் காத்தவர்தான். அறக்கட்டளை வந்தபின் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. நின்றுபோக வேண்டிய வழக்கம்தான் அது.

ஐந்தாம் தேதி காலை டோரீன் குவியலைச் சுற்றிவந்தாள். பின்பக்கம் ஓர் அலமாரிக் கதவு சாத்தியிருந்தது. சாத்தியிருந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தட்டினாள்.

"யாரது? அடையாளச் சொல் என்ன?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"டோரீன்" என்றாள். கதவு நகர்ந்தது. கம்பளியும் மிட்டாய்த் தாளுமாக மூன்று சிறுமிகள் ஊர்ந்து வந்தார்கள். கடைசியாக வந்தவள் கையில் ஒரு ஜாம் பாட்டில். பாட்டிலுக்குள் எரிந்து முடிந்த மெழுகுவத்தி.

"இது யாருடி கட்டுனது?"

"கிளைவ் தாத்தாதான். கடைசி வருஷம்ல, பழைய மாதிரியே கட்டணும்னாரு. கீழ்த்தெருப் பசங்க வந்தா கத்துங்கன்னு சொன்னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதாம்."

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டோரீனே உள்ளே ஊர்ந்து மூலை முடுக்கெல்லாம் தடவிப்பார்த்தாள். குவியல் ஒரு பழைய தந்திக் கம்பத்தில் சாய்ந்து உறுதியாக நின்றது, சரியாது. ஒரு பொறி பட்டால் மட்டும் போதும். வெளியே வந்து சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக் கட்டினாள். தபால்காரர் நார்மன் ஹாய்லைக் கூப்பிட்டு, நாள் முழுக்க அந்த ஓட்டைக்கு முன்னால் உட்காரவைத்தாள். பிள்ளை என்ன, பூனைகூட நுழையக் கூடாது என்றாள். நார்மன் பேசாத மனிதர். ஃபிளாஸ்க்கும் மடக்கு நாற்காலியுமாக உட்கார்ந்தார்.

பிறகு கிளைவைத் தேடிப் போனாள்.

"குவியலப் பிரிச்சு மறுபடி அடுக்கணும், மிஸ்டர் ஆர்மிடேஜ். உள்ள குகை இருக்கு. ராத்திரி பிள்ளைங்க மெழுகுவத்தி ஏத்திவெச்சுப் படுத்திருக்குதுங்க."

கிளைவின் முகம் ஒரு நொடி மாறியது. உடனே சரிசெய்துகொண்டார். "குகையாவது மண்ணாவது. நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து விறகு அடுக்குறவன் நான். இன்னைக்கு ஒரு நாளாவது உன் பாட்ட நிறுத்தேம்மா. நாளைலேர்ந்து நான் இல்ல, நீயே ராணியா இருந்துக்க."

"சரி" என்றாள் டோரீன்.

அவர் அதை அவள் பணிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். நகர மன்றத்துக்கோ தீயணைப்புக்காரர்களுக்கோ அவள் ஒரு போன் போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் குவியலைப் பிரித்திருப்பார்கள். போடவில்லை. குகை காலி, வாசலில் நார்மன், ஒரு பிள்ளைக்கும் ஆபத்தில்லை. அப்படியிருக்க அதைக் காலையில் யாரும் பார்க்காதபோது ஏன் பிரிக்க வேண்டும்? சாயங்காலம் பிரிக்கலாம். ஊர் முழுக்கப் பார்க்கட்டும். அது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

மீன் கடைக்குப் போனாள். கெயில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் திடலுக்கு வா."

"எதுக்கும்மா? இன்னைக்குத்தான் கடைல கூட்டம் அள்ளும். அந்த ஆளு தகடு தெறக்கறத நான் பாக்கணுமா?"

"கொஞ்ச நேரம் வந்து நில்லு. உங்கிட்ட நான் என்னைக்காவது எதாவது கேட்டிருக்கேனா?"

கெயில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "வர்றேன்" என்றாள்.

இருட்டியதும் ஊர் திரண்டது. மிதமான காற்று, மழையில்லை. மசித்த பட்டாணியும் புதினாச் சாறும் ஒரு மேசையில், இஞ்சிக் கேக்கும் கரும்பாகு மிட்டாயும் இன்னொரு மேசையில். பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. கயிற்று வேலிக்குப் பின்னால் பிள்ளைகள் அப்பன்மார் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பட்டாணி மேசைக்குப் பக்கத்தில் கெயில் நின்றாள், கோட்டுக்கு உள்ளே கடையின் ஏப்ரன், கூந்தலில் எண்ணெய் வாடை. ஓரத்தில் புதுப் பெஞ்சு, தகட்டின்மேல் வெல்வெட் துணி.

கிளைவ் பந்தத்தோடு வந்தார். மண்ணெண்ணெய்த் துணி சுற்றிய நீளக் கம்பு, நுனியில் நெருப்பு. கைதட்டல் காதைப் பிளந்தது. மஞ்சள் பாதுகாப்புச் சட்டையோடு டோரீன் அவர் முன்னால் வந்து நின்றாள். கையில் மைக்.

"இந்தக் குவியலுக்குத் தீ வைக்க முடியாது" என்றாள். ஒலிபெருக்கி அதைத் திடல் முழுக்கச் சொன்னது. "இன்னைக்குப் பிரிச்சு அடுக்கல. உள்ள குகை இருக்கு."

கூட்டம் ஊளையிட்டது. "வேண்டாம் டோரீன், வீட்டுக்குப் போ!" என்று யாரோ கத்தினார்கள். குளிரில் நிற்கிற கூட்டத்துக்கு ஏது பொறுமை?

கிளைவ் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "கேட்டீங்களா கூத்த! உள்ள ஒரு எலிகூட இல்லம்மா!"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? பாத்துட்டாப் போச்சு. நானே போய்ப் பாத்துட்டு வர்றேன். இந்தா, பிடி!" பந்தத்தை அவள் கையில் திணித்தார்.

டோரீன் இதை எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. குவியலை எல்லார் முன்னாலும் பிரித்து, கம்பளியையும் ஜாம் பாட்டிலையும் காட்டி, அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. ஆனாலும் கடமை கடமைதான். மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"உள்ள போகாதீங்க, கிளைவ்."

அவர் நாடாவைப் பிய்த்தார்.

"கிளைவ், போகாதீங்கன்னு சொல்றேன்."

நார்மனைத் தள்ளிவிட்டு மண்டியிட்டார்.

"கடைசியாச் சொல்றேன், உள்ள போகக் கூடாது." ஊரே கேட்டது. அவர் பின்புறம் குகைக்குள் மறைந்தது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. குகை சிறுமிகளுக்குக் கட்டியது, கிளைவ் வயிறு வளர்த்தவர். உள்ளே புரண்டபோது அலமாரிக் கதவில் தோள் இடித்திருக்க வேண்டும். கதவு தடாலென்று சரிந்து வாயை அடைத்துக்கொண்டது. சிரிப்பு நின்றது.

டோரீன் பந்தத்தை எட்டத் தள்ளிப் பிடித்தபடி ஓடிப்போய்க் குனிந்தாள். "அடி பட்டுச்சா?"

"இல்ல, இல்ல. கால் மாட்டிக்கிச்சு. திரும்ப முடியல. கதவ இழுங்கய்யா!"

நார்மன் கையை நீட்டினார். டோரீன் அவரைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினாள். பிறகு விதிப்படி செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் செய்தாள். மைக்கை நார்மனிடம் கொடுத்துவிட்டுப் பின்வாங்கி, வேலியோரம் இருந்த மணல் வாளியில் பந்தத்தைத் தலைகீழாகக் குத்தித் திருகினாள். நெருப்பு செத்தது. தண்ணீர் வாளியிலும் முக்கினாள். பட்டாணி மேசைக்காரியைப் பார்த்து அடுப்பை அணைக்கச் சைகை காட்டினாள், அவள் அணைத்தாள். குவியலுக்கு அருகே ஒரு கங்குகூட இல்லை என்று ஆனபிறகு, முன்வரிசையைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். வாத்தியக் குழு வாசிப்பை நிறுத்தியது. அத்தனை கூட்டத்தில் ஒரு பிள்ளைகூட மூச்சுவிடவில்லை.

செத்த பந்தத்தோடு அவள் குகை வாசலுக்குத் திரும்பி வந்தாள். மண்ணெண்ணெய் வாடை அவளோடு வந்தது. நார்மனிடமிருந்து மைக்கை வாங்கிக் கதவிடுக்கில் வைத்தாள்.

"டோரீன்?" உள்ளிருந்து குரல். "பந்தம் எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு. நீங்கதானே குடுத்தீங்க."

அதில் பொய் இல்லை.

"தள்ளிப் போம்மா! மண்ணெண்ணெய் நாத்தம் இங்க வரைக்கும் வருது!"

"போறேன். ஒண்ணு கேக்கணும். அந்தக் கயிறு."

"எந்தக் கயிறு?"

"காத்து உங்க பக்கமாத்தான் அடிக்குது, கிளைவ்."

அதிலும் பொய் இல்லை. குவியலுக்குள் ஏதோ மரம் மட்டும் கிறீச்சிட்டது.

"என் கால எடுத்துவிடு டோரீன். கெஞ்சிக் கேக்குறேன். நான் வயசானவன்."

"கெயிலுக்கு அப்ப ஒம்போது வயசு."

டோரீன் காத்திருந்தாள். இருபது வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. கடைசியில் அந்தக் குரல் வந்தது, திடலின் நாலு மூலையிலும் வைத்த ஒலிபெருக்கி வழியாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நைஞ்சு போயிருந்துச்சு. காலையிலயே பாத்தேன். சாயங்காலம் மாத்திக்கலாம்னு இருந்துட்டேன்."

"கெயில இறங்கச் சொன்னீங்களா?"

"இல்ல."

"எத்தனை தடவ சொன்னீங்க?"

"சொல்லவே இல்ல! நான் அங்கயே இல்ல. குடிசைல டீ போட்டுக்கிட்டு இருந்தேன். இடத்த மூடிருவாங்கன்னு பயந்துட்டேன் டோரீன். என் கையால கட்டுன இடம். அதான் பிள்ளை மேல போட்டுட்டேன்."

"கயிறு?"

"எரிச்சுட்டேன். நான்தான் எரிச்சேன்."

டோரீன் மைக்கை எடுத்தாள். மனசு இனித்தது. மறைப்பானேன், தேன் குடித்த மாதிரி இனித்தது. பரிதாபம் வருமோ என்று தனக்குள் தேடிக்கூடப் பார்த்தாள். வரவில்லை. அந்தக் குரல் நடுங்க நடுங்க அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

"நார்மன், கதவ எடுங்க. மெதுவா. தலையில எதுவும் விழாமப் பாத்துக்கங்க" என்றாள்.

கிளைவ் தூசியும் சிலந்திவலையுமாக நாலு காலில் வெளியே வந்தார். அவர் பின்னாலேயே நார்மன் கம்பளியையும் மிட்டாய்த் தாளையும் இழுத்துப் போட்டார். அதைப் பார்த்த தாய்மார்கள் சிலர் சொன்னதை அச்சில் ஏற்ற முடியாது. கிளைவ் எழுந்து நின்று முதலில் பார்த்தது டோரீனின் கையைத்தான். அதற்குள் அவள் பந்தத்தில் புதுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். எரிந்ததா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

குவியலைப் பிரித்தார்கள். ஊரே பிரித்தது, கைக்குக் கை மரம் மாற்றி. குகையில்லாமல் திரும்ப அடுக்கினார்கள். பட்டாணி ஆறிப்போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. டோரீன் சுற்றிவந்து பார்த்துத் தலையாட்டினாள். பிறகு பட்டாணி மேசைக்குப் போனாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். ஊரே கேட்டுச்சு" என்றாள் கெயில். அவள் கன்னம் ஈரமாக இருந்தது. "நான் அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்லம்மா."

"நான் நம்புனேன்ல."

"தெரியும். நீ ஒருத்திதான்."

டோரீன் பந்தத்தைப் பற்றவைத்து மகளிடம் கொடுத்தாள். வளைந்த கை அதை வளைந்தபடியே பிடித்துக்கொண்டது. கெயில் தீ வைத்தாள். கயிற்று வேலிக்குப் பின்னால், எல்லோரையும் போல, கிளைவ் நின்றார். அவர் பக்கத்தில் நிற்க யாரும் வரவில்லை. வெல்வெட் துணியை அன்று யாரும் விலக்கவில்லை. இப்போது அந்தப் பெஞ்சில் தகடு இருந்த இடத்தில் நான்கு திருகுத் துளைகள் மட்டும் இருக்கின்றன.

"வேண்டாம் டோரீன்" என்று அதற்குப் பிறகு யாரும் சொல்வதில்லை. அவள் இன்றும் காலையில் எல்லாக் கயிற்றிலும் தொங்கிப்பார்க்கிறாள்.

கிளைவுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிந்தாக வேண்டும். தான் அந்த விறகுக்குள் கிடந்தபோது பந்தம் எரிந்துகொண்டிருந்ததா? உயிருக்குப் பயந்து சொன்னோமா, செத்த கம்புக்குப் பயந்து சொன்னோமா? நார்மனிடம் கேட்டார், நார்மன் தபாலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியக் குழுக்காரர்களிடம் கேட்டார், அவர்களுக்கு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது. டோரீனிடம் கேட்க அவருக்குத் துணிவில்லை. அத்தனை பேர் பார்த்தது, ஒரு சின்னப் பிள்ளைகூட அவரிடம் வாயைத் திறக்கவில்லை. இந்த ஊர் ரகசியம் காத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போன வெள்ளிக்கிழமை மீன் கடை வரிசையில் கிளைவ் நின்றார். வரிசை முடிந்து அவர் முறை வந்தபோது கடையில் வேறு யாருமில்லை. கெயில் மீனைக் காகிதத்தில் வைத்தாள்.

"ஏம்மா கெயில்," என்று தொண்டையைச் செருமினார், "அன்னைக்கு உங்கம்மா கைல இருந்த பந்தம்... எரிஞ்சுதா? நீயாவது சொல்லேன்."

கெயில் உப்பைத் தூவினாள். வினிகரை ஊற்றினாள். பொட்டலத்தை மடித்து, வளைந்த கையால் அவர் பக்கம் தள்ளினாள்.

"என்னைப் போய்ச் சொல்லச் சொல்றீங்களே மிஸ்டர் ஆர்மிடேஜ்" என்றாள். "நான்தான் சொன்னா கேக்காத பிள்ளையாச்சே."